கோல்விட்ஸின் பசித்த குழந்தைகள்: பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் 'ஜெர்மனியின் குழந்தைகள் பசியால் வாடுகிறார்கள்' என்ற லித்தோகிராஃபை, அதாவது கல்லச்சுப் படத்தைக் காட்டினால் பலரும் உடனே சொல்வது, "போரில் மகனைப் பறிகொடுத்த தாயின் வலி." பறிகொடுத்தது உண்மைதான். ஆனால் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் அவருடைய மகன் பீட்டர் இறந்தபோது அவனுக்கு வயது 18, படத்தில் வெறும் கிண்ணத்தை ஏந்தி அண்ணாந்து நிற்பதோ சின்னப் பிள்ளைகள். 1923, பணவீக்கத்தில் ரொட்டி விலை மணிக்கு மணி ஏறிய வருடம், அப்போது சர்வதேசத் தொழிலாளர் உதவி அமைப்புக்காக அவர் போட்டுக்கொடுத்த போஸ்டர் இது. கணவர் கார்ல் பெர்லினின் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவரிடம் வந்துபோன தாய்மார்களையும் பிள்ளைகளையும் பல வருடங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர் கோல்விட்ஸ். எல்லாவற்றையும் அவருடைய சொந்தச் சோகமாக்கிவிட்டால் இந்தப் பிள்ளைகளின் பசி கண்ணில் படாமலே போய்விடும், எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அடுத்து, இதைப் பென்சில் ஓவியம் என்று சொல்லாதீர்கள். லித்தோ என்றால் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டி அச்செடுப்பது. ஈரமான இடத்தில் மை ஒட்டாது, கோடு விழுந்த இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். கல்லில் நேராக வரைந்தால் அச்சில் இடவலம் மாறும், அதனால் எல்லா லித்தோவும் இடவலம் மாற்றியே வரையப்பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கோல்விட்ஸ் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் வரைந்து அதைக் கல்லுக்கு மாற்றினார், அப்படிச் செய்தால் இரண்டு முறை திரும்பி, வரைந்தபடியே அச்சாகும்.

சரி, வாங்கப் போகிறீர்களா? பூதக்கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். அசல் லித்தோவில் கிரேயான் கோடு மணல் தூவியது போல ஒழுங்கில்லாத பொடிப்பொடியாகத் தெரியும். வரிசை பிசகாத குட்டிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்தில் இயந்திரத்தில் அச்சடித்த ஆஃப்செட் நகல். கையெழுத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் கல்லிலேயே போட்ட கையெழுத்து நகலிலும் அப்படியே வந்துவிடும். பென்சிலில் போட்டதா, மையோடு சேர்ந்து அச்சானதா என்று சாய்த்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகு ஓரத்தை வெட்டாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

அப்புறம், பகிரும்போது பிள்ளைகளின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, போஸ்டரிலேயே இருக்கும் 'ஜெர்மனியின் குழந்தைகள் பசியால் வாடுகிறார்கள்' என்ற எழுத்தை வெட்டிவிடுவதும் தவறுதான். அந்த வரியையும் அவர் கையால்தான் எழுதினார். அது போனால் அந்தக் கிண்ணம் எதற்கு நீள்கிறது என்பதே தெரியாது.