கோட் ரிவ்யூ கமெண்டுகளுக்குப் பதில் எழுதுவது எப்படி?

புல் ரெக்வெஸ்ட் திறந்து ரிவ்யூவுக்கு அனுப்பத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அனுப்பிய பிறகு கமெண்டுகள் வரிசையாக வந்து விழுமே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் எல்லாவற்றையும் படித்து முடியுங்கள். கடைசிக் கமெண்டைப் படித்த பிறகுதான் முதல் கமெண்ட் ஏன் வந்தது என்றே சில சமயம் புரியும்.

அப்புறம் வகை பிரியுங்கள். 'நிட்' என்று தொடங்குபவை சின்னத் திருத்தங்கள். வாதம் வேண்டாம், செய்துவிட்டு நகருங்கள். பிழையைச் சுட்டினால், அதைப் பிடிக்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி, அது ஃபெயில் ஆவதைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

அடுத்தது கேள்விகள். நான் நெடுநாள் சிக்கிக்கொண்டிருந்த இடம் இதுதான். "இங்கே ஏன் 30 விநாடி?" என்று ஒற்றை வரி வரும். எழுத்தில் குரல் கேட்காது என்பதால் குற்றம்சாட்டுவது போலவே தோன்றும். உடனே கை நீளமான விளக்கத்தை டைப் செய்யப் போகும். அந்த விளக்கம் போக வேண்டிய இடம் நிரல். 30 என்ற வெற்று எண்ணுக்கு ஒரு பெயர் கொடுத்து, மேலே 'வங்கி சர்வர் மாதக் கடைசியில் தாமதமாகப் பதில் தரும்' என்று ஒரு வரி சேருங்கள். இன்று ரிவ்யூ செய்பவருக்குப் புரியாதது, பின்னால் அந்த ஃபைலைத் திறப்பவருக்கும் புரியாது. அவர் பழைய புல் ரெக்வெஸ்டைத் தேடிப் படிக்கப் போவதில்லை. கூகுள் பொதுவில் வைத்திருக்கும் ரிவ்யூ வழிகாட்டியும் முதலில் நிரலைத் தெளிவாக்கத்தான் சொல்கிறது. கமெண்டில் "காரணத்தைச் சேர்த்துவிட்டேன்" என்றால் போதும்.

உடன்பாடு இல்லையா? காரணத்தோடு சொல்லுங்கள். இரண்டு சுற்றில் முடியவில்லை என்றால் கூப்பிட்டுப் பேசிவிட்டு, முடிவை அங்கேயே எழுதிவையுங்கள்.

நிரலை விட்டுவிட்டு ஆளைத் திட்டினால் பொறுத்துப்போகத் தேவையில்லை. லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுமையான மின்னஞ்சல்களுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டார். உங்களைத் திட்டும் கமெண்டில் தொழில்நுட்பக் குறை ஏதாவது சொல்லியிருந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள். மற்றதை டீம் லீடிடம் கொண்டுபோங்கள்.

பின்சேர்க்கை: திருத்தங்களை எப்படி கமிட் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ரிவ்யூ நடக்கும்போது பழைய கமிட்டை மாற்றி ஃபோர்ஸ் புஷ் செய்தால் (அதாவது சர்வரில் இருப்பதன் மேல் எழுதினால்), எது புதிது என்று பார்ப்பவருக்கு எளிதில் தெரியாது. எந்தக் கமிட்டைத் திருத்துகிறது என்று குறித்த தனி ஃபிக்ஸ்அப் கமிட்டுகளாகச் சேர்த்து, கடைசியில் அவற்றை உரிய கமிட்டுகளோடு இணைக்கும் ஆட்டோஸ்குவாஷ் ரீபேஸ் செய்வதே என் வழக்கம். அதற்குப் பிறகும் வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்கள்; இடையில் வேறொருவர் புஷ் செய்திருந்தால் அது மேலெழுதாமல் நிறுத்திவிடும். புதிதாகப் புஷ் செய்தால் அப்ரூவல் ரத்தாகும்படி சில ரெப்போக்களில் வைத்திருப்பார்கள். அங்கே ரீபேஸ் செய்து மறுபடி புஷ் செய்வதைவிட, மெர்ஜ் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக்கும் ஸ்குவாஷைத் தேர்ந்தெடுப்பதுதான் சுலபம்.