பொம்மைக் காருக்கும் காதுகுத்துக்கும் ஒரே கேமரா: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார்களைப் பல வருஷமாகச் சேர்த்து வருகிறேன். வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று எது நடந்தாலும் படம் எடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான் வரும். அதனால், "இரண்டுக்கும் சேர்த்து ஒரு கேமரா வாங்கணும், எதை வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. வீட்டில் அளவு டேப் இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

1:64 அளவுக் கார், அதாவது நிஜக் காரில் 64இல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை, சுமார் 7 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மேசையில் வைத்தால் அசையாது. நாம் வெளிச்சத்தைச் சரிசெய்து முடிக்கும் வரை காத்திருக்கும். விசேஷ வீடு அப்படியில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் இருபது பேர் இருப்பார்கள், ட்யூப் லைட் ஒன்றுதான் எரியும், குழந்தைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். காருக்கு மிகக் கிட்டே போக வேண்டும். குடும்பத்துக்கு விலகிப்போக வேண்டும், ஆனால் இடம் இருக்காது. நல்ல கேமராவாக ஒன்றை வாங்கிவிட்டால் இரண்டும் தானாக அமைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

எல்லோரும் செய்யும் முதல் தவறு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். (மி.மீ. எண் கூடக் கூட படத்தில் அடங்கும் அகலம் குறையும். எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சிறிதானால் திறப்பு பெரிது.) விலை குறைவு, பின்னணி அழகாகக் கலங்கும், இருட்டிலும் வேலை செய்யும். கேமரா வாங்கியதும் அடுத்து இதைத்தான் வாங்கச் சொல்வார்கள். ஒருவரை மட்டும் உட்காரவைத்து எடுக்க அருமையான லென்ஸ், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் பேசும் இரண்டு வேலைகளுக்குமே அது இடறுகிறது.

முதலில் காரைப் பார்ப்போம். ஒவ்வொரு லென்ஸுக்கும் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் என்று ஒன்று உண்டு. அதைவிடக் கிட்டே போனால் ஃபோகஸ் விழாது. நிக்கானின் ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸுக்கு அது 45 செ.மீ. அந்தத் தூரத்தில் ஏபிஎஸ்-சி சென்சார் (படத்தைப் பதியும் சில்லு, ஏறக்குறைய 24 மி.மீ. அகலம்) உள்ள கேமராவில் படத்தின் அகலம் ஏறக்குறைய 16 செ.மீ. வரும், அதாவது உங்கள் 7 செ.மீ. கார் படச்சட்டத்தில் பாதியைக்கூட நிரப்பாது. கேமராவோடு சேர்ந்தே வந்த 18-55 கிட் லென்ஸை இனி எதற்கு என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். நிக்கானின் ஏஎஃப்-பி 18-55 லென்ஸ் 25 செ.மீ. வரை கிட்டே போகும். 55 மி.மீ. பக்கம் திருப்பி எடுத்தால் கார் சட்டத்தின் அகலத்தை முழுக்க நிரப்பும் அளவுக்கு நெருங்கலாம். ஒதுக்கி வைத்த லென்ஸ்தான் பொம்மைக்கு ஏற்ற லென்ஸ்! இந்தத் தூரம் லென்ஸின் முன் கண்ணாடியிலிருந்து அளக்கப்படுவதில்லை, சென்சாரிலிருந்து அளக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவின் மேல்பக்கம், வட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்ட சின்னம் இருக்கும். அதிலிருந்து டேப் பிடித்துப் பாருங்கள்.

இப்போது குடும்பம். அண்ணன் மகளின் காதுகுத்துக்கு அந்த 50 மி.மீ. லென்ஸை மட்டும்தான் எடுத்துப் போயிருந்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை, எதிரே ஆசாரி, பின்னால் அண்ணி. சமையலறை வாசல் வரை பின்னுக்குப் போயும் நான்காவது ஆள் சட்டத்துக்குள் வரவில்லை. ஊரிலிருந்து அதற்காகவே வந்திருந்த பெரியம்மா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைய படம் எதிலும் அவர் முகம் முழுதாக இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கணக்கு எளிது. ஏபிஎஸ்-சி கேமராவில் 3 மீட்டர் தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் 1.4 மீட்டர். மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். 35 மி.மீ. என்றால் 2 மீட்டர். 18 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஆகவே உங்கள் ஹாலின் நீளத்தை அளந்து, அதில் மூன்றடியைக் கழித்துவிடுங்கள். நீங்கள் நிற்பதற்கும் எதிரே உள்ளவர்கள் உட்காருவதற்கும் அந்த இடம் போய்விடும். மீதி எவ்வளவு என்று தெரிந்தால் எந்த லென்ஸ் என்று அதுவே சொல்லிவிடும். 18 மி.மீ.யில் எடுக்கும்போது ஓரத்தில் இருப்பவர்களின் முகமும் தோளும் இழுத்தாற்போல் அகலமாகும். பெரியவர்களை நடுவில் உட்காரவைத்து, 22 அல்லது 24 மி.மீ. அளவில் எடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கானின் 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கும். டி3500, டி5600 போன்ற கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸிலும் கிடையாது. மாட்டினால் படம் வரும், ஆட்டோஃபோகஸ் வராது. ஓடும் குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது எவ்வளவு கடினம் என்று முதல் விசேஷத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது சென்சார். பெரிய சென்சார் என்றால் நல்ல படம் என்று கேட்டுக் கேட்டு, பொம்மைக்கும் அதுதான் சிறந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஃபோனில் எடுத்தபோது முன் பம்பர் முதல் பின் சக்கரம் வரை தெளிவாக இருந்த கார், புதுக் கேமராவில் எடுத்தால் முன்விளக்கு மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் பஞ்சாகவும் வருகிறது. கேமரா பழுது என்று கடைக்கே திருப்பி எடுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது ஒன்றும் இல்லை. பொருளுக்குக் கிட்டே போகப் போக, ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், பயங்கரமாகச் சுருங்கும். சென்சார் பெரிதாக இருந்தால் இன்னும் சுருங்கும்.

எண்ணில் சொன்னால் சட்டென்று புரியும். ஏபிஎஸ்-சி சென்சாரில் அந்தக் கார் சட்டத்தின் அகலத்தை முழுக்க நிரப்பும்படி எடுத்தால், எஃப் 1.8இல் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. எஃப் 8இல் 4 அல்லது 5 மி.மீ. எஃப் 16இல் 9 மி.மீ. லென்ஸின் திறப்பை அதற்கு மேல் சுருக்கினால், ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மெல்ல மங்கத் தொடங்கும். அதைவிடப் பெரிய முழு அளவு (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில், எஃப் 8இல், 3 மி.மீ. சொச்சம்தான் கிடைக்கும். பொம்மைக்காக எஃப் 1.4 லென்ஸுக்குப் பணம் கொட்டுகிறவர்கள் அந்த 1.4ஐ ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை.

இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: பின்னால் வாருங்கள். கார் சட்டத்தின் பாதி அகலத்துக்கு மட்டும் வரும்படி தள்ளி எடுத்தால், அதே எஃப் 8இல் ஆழம் 16 மி.மீ. ஆகிவிடும். அப்புறம் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள். பாதியாக வெட்டினாலும் 3000க்கு 2000 இருக்கும், பத்து அங்குல அகலத்துக்கு அச்சடிக்க அது போதும். (40, 60 மெகாபிக்சல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: வேண்டாம்.) ஃபோகஸை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்கும் முறையும் இருக்கிறது. அதற்குக் கேமரா அசையவே கூடாது. டிரைபாட் இல்லையென்றால், துணிப்பையில் இரண்டு கிலோ பச்சைப்பயறு போட்டுக் கட்டி, அதன்மேல் கேமராவை அமர்த்துங்கள். பெரும்பாலான டிரைபாட்கள் மேசை மட்டத்துக்கு இறங்காது, பயறுப்பை இறங்கும். பொம்மைக் கார் நிஜக் கார்போலத் தெரிய வேண்டுமானால், கேமரா அந்தக் காரின் ஓட்டுநர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவிலும் அது பொம்மைதான்.

மிகக் கிட்டே போய் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் உடனே வேண்டுமா என்றால், 1:64 காருக்கு வேண்டாம். இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். 50 மி.மீ. லென்ஸோடு 12 மி.மீ. ட்யூபைச் சேர்த்தால், காருக்குக் கிட்டே போக முடியாத குறையே தீர்ந்துவிடும். வெறும் குழாயாக விற்பவை மிக மலிவு, ஆனால் அவற்றில் மின்தொடர்பு இருக்காது. இன்றைய பல லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது என்பதால், அந்தக் குழாயை மாட்டினால் எஃப் எண்ணை மாற்றவே முடியாது. உள்ளே மின்தொடர்புக்கான பொன்னிறப் புள்ளிகள் இருக்கும் ட்யூபாகப் பார்த்து வாங்குங்கள்.

வெளிச்சத்துக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. கையில் இருப்பதையெல்லாம் கேமரா உடம்பிலேயே போட்டுவிட்டு, விசேஷத்தன்று கேமராவின் தலையில் எழும் சின்ன ஃபிளாஷை நம்புகிறோம். அது நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பையும் சுவரில் கறுப்பு நிழலையும்தான் தரும். காருக்குக் கிட்டே போனால் லென்ஸின் நிழலே காரின்மேல் விழும். கேமரா உடம்பில் ஒரு படி கீழே இறங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் தலையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் திருப்பக்கூடிய ஒரு ஃபிளாஷ் வாங்குங்கள். வெள்ளை மேற்கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தால், ஹால் முழுக்க ஜன்னல் வெளிச்சம் போல் மென்மையாக இறங்கும். நம் வீடுகளில் சுவர் பச்சை, ரோஸ், நீலம் என்று இருப்பதால் சுவரை நோக்கித் திருப்பாதீர்கள். அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும். கல்யாண மண்டபத்தில் கூரை மிக உயரம், அங்கே இந்த வித்தை பலிக்காது. ஃபிளாஷ் வாங்கும் முன் கேமராவின் தலைமேல் ஃபிளாஷை மாட்டும் ஷூவையும் பாருங்கள். கேனன் 200டி மார்க் 2இல், ஃபிளாஷை எரியவைக்கும் நடுமுனை கிடையாது. மலிவான மேனுவல் ஃபிளாஷ் அதில் எரியாது.

காருக்கு இந்த ஃபிளாஷே போதும். பட்டர் பேப்பர் ஒன்றைக் காருக்கு மேலே சட்டம்போல் பிடித்து, அதன் வழியாக அடித்தால் பெயின்ட்டில் நீளமான, வழவழப்பான ஒளிக்கோடு விழும். வெள்ளைச் சார்ட்டை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். ரீல்ஸுக்காக வாங்கிய ரிங் லைட்டைப் பயன்படுத்தினால், பானெட்டிலும் கண்ணாடியிலும் வட்டம் வட்டமாகத் தெரியும். அட்டையும் பிளாஸ்டிக்கும் பிரிக்காத கார்களுக்கு போலரைசர் ஃபில்டர் மிக உதவும், பிளாஸ்டிக்கின் மினுமினுப்பை அது குறைக்கும். குரோம் போன்ற உலோகப் பூச்சின் மினுமினுப்பில் அதன் ஜம்பம் பலிக்காது.

ஃபிளாஷ் போட முடியாத இடங்களில், பூஜை நடக்கும்போதோ தூங்கும் குழந்தையை எடுக்கும்போதோ, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பலர் போட்டுவிடுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல எல்இடி விளக்குகளும் பழைய ட்யூப் லைட்டுகளும் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். திரை அசைந்து திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரில், நொடியில் 1/100 அல்லது 1/50 வேகத்தில் வையுங்கள். வாங்கும் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், சில புது மாடல்களில் அதையே எடுத்துவிட்டார்கள்.

ஸ்டெபிலைசேஷன் இருந்தால் எல்லாம் தெளிவாக வரும் என்று நம்பவேண்டாம். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு 1/250 ஷட்டர் வேகம் வேண்டும், அதற்காக ஐஎஸ்ஓ (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) 3200, 6400 போனாலும் போகட்டும். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பார்க்க முடியும். கலங்கிய முகத்தை யாராலும் சரிசெய்ய முடியாது.

பேட்டரி: உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஒரு சார்ஜுக்கு 300, 400 படங்கள்தான் கணக்கு. காலையில் தொடங்கி மதியப் பந்தி வரை ஒன்று போதாது. இரண்டாவதையும் விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைப்பதும் தவறுதான். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில், ஒரு மழைக்காலம் போதும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பழைய லென்ஸ் வாங்கப் போனால், ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும் அன்று ஒரு காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், குடும்பத்தில் நாலு பேரையும் கூட்டிப்போங்கள். கவுன்டரில் காரை வைத்து, லென்ஸ் எவ்வளவு கிட்டே போகிறது என்று எடுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் ஹாலில் டேப் காட்டிய தூரத்தைக் கடைத்தரையில் அளந்து நின்று, நாலு பேரும் சட்டத்துக்குள் வருகிறார்களா என்று பாருங்கள். இரண்டு படங்களையும் கேமராவின் திரையில் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு விலையைக் கேளுங்கள்.