கீரைக்கு வலை, வாசலுக்குச் செண்டுமல்லி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம்தான். விடிந்ததும் அங்கிருந்து மைனாவும் சிட்டுக்குருவியும் புறாவும் எங்கள் பாத்தியில் வந்து இறங்கிவிடும். தண்டுக்கீரை விதைத்த நான்காம் நாள், பச்சைப் பொடி தூவியதுபோல் முளை நிற்கும். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் பாதி இருக்காது. மூன்று முறை இப்படிப் பறிகொடுத்த பிறகுதான் வலை கட்டும் முறை எனக்குப் பிடிபட்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் சமையலுக்கு எங்கள் பாத்திக் கீரைதான். மண் கொத்துவது, கோழி எரு போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக வலைக்கு வருகிறேன்.

முதலில் தின்பது யார் என்று பாருங்கள்

தூவிய விதையே காணவில்லை என்றால் புறாவாக இருக்கும், அல்லது எறும்பு இழுத்துப் போயிருக்கும். முளையின் நுனி மட்டும் கிள்ளப்பட்டிருந்தால் பெரும்பாலும் சிட்டுக்குருவி. மண் கிளறப்பட்டு நாற்று வேரோடு சாய்ந்து கிடந்தால் மைனா அல்லது பக்கத்து வீட்டுக் கோழி. வளர்ந்த இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது புழு, நத்தை வேலை. அதற்கு வலை கட்டிப் பயனில்லை.

பழைய சிடி தட்டு, பளபளப்பான தாள், சட்டை மாட்டிய பொம்மை எல்லாவற்றையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பறவைகளுக்கு அது பழகிவிட்டது. மைனா பொம்மையின் தோளிலேயே உட்கார்ந்தது. பசைப் பொறியை மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள். அதில் ஒட்டிய பறவை இறகு பிய்ந்து அணு அணுவாகச் சாகும். இங்கே பல பறவைகளுக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் இருக்கிறது.

வளைவு அமைத்தல்

3 அடி அகலம், 10 அடி நீளம் உள்ள பாத்திக்குக் கணக்குச் சொல்கிறேன். இரும்புக் கடையில் அரை அங்குலக் கறுப்பு பாலிக் குழாய் 24 அடி வாங்கி, 4¾ அடி நீளத்தில் ஐந்து துண்டுகளாக வெட்டுங்கள். வெள்ளை பிவிசி குழாய் வேண்டாம். இந்த அளவுக்கு வளைத்தால் நடுவில் மடிந்துவிடும். 2 அடிக் கம்பிகள் பத்து எடுத்து, இரு ஓரங்களிலும் இரண்டரை அடிக்கு ஒன்றாக முக்கால்வாசி நீளம் மண்ணில் அடித்து இறக்குங்கள். குழாயின் இரு முனைகளையும் எதிரெதிர்க் கம்பிகளில் செருகினால், நடுவில் ஒன்றரை அடி உயரத்தில் அழகான வளைவு நிற்கும்.

வலை: நான் தவறிய இடம்

முதல் முறை நான் வளைவே வைக்கவில்லை. மெல்லிய கறுப்பு நைலான் வலையை வாங்கிக் கீரையின் மேலேயே விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். குருவிகள் வலைமேல் உட்கார்ந்து கண்ணிகள் வழியாகவே கொத்தின. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் காலையில் ஒரு சின்னான், வாலடியில் மஞ்சள் இருக்குமே அந்தப் பறவை, தளர்ந்து கிடந்த ஓரத்தில் சிக்கியிருந்தது. ஒரு காலிலும் இறக்கையிலும் நூல் இறுகியிருந்தது. தையல் கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டினேன். கையில் அதன் நெஞ்சு படபடத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. விட்டதும் எழும்பி வேலிக்கு அப்பால் செம்பனை மட்டையில் போய் உட்கார்ந்தது. அடுத்த வாரம் சிக்கிய சிட்டுக்குருவியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அன்றே அந்த வலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

ஆகவே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். வலை தடித்த நூலில் நெய்த வெள்ளை வலையாக, சுண்டுவிரல் நுழையாத கண்ணியோடு இருக்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் பறவையின் கால் அதில் மாட்டாது, வெள்ளை நிறம் அதன் கண்ணுக்கும் தெரியும். அடுத்து, வலை தொய்யக் கூடாது. விரலால் தட்டினால் துள்ளி எழ வேண்டும். கடைசியாக, அடியில் இடைவெளியே இருக்கக் கூடாது. 7 அடி அகலம், 15 அடி நீளம் வாங்கினால் எல்லாப் பக்கமும் மிச்சம் இருக்கும். நீளவாட்டு ஓரங்கள் ஒவ்வொன்றையும் ஒரு மூங்கிலில் சுற்றித் தரையோடு அழுத்திச் செங்கல் வையுங்கள். இரு முனைகளையும் மிட்டாய்த் தாளை முறுக்குவதுபோல் முறுக்கிக் கட்டி, முளைக்குச்சியில் இழுத்து மாட்டுங்கள். கீரை பறிக்க ஒரு பக்க மூங்கிலை மட்டும் தூக்கினால் போதும். தண்ணீரை வலைக்கு மேலிருந்தே தெளிக்கலாம்.

பூக்கள் வலைக்கு வெளியே

வாசல் தோரணத்துக்கும் உருளிக்கும் செண்டுமல்லி, பூச்சாடிக்கு வாடாமல்லி, கோழிக்கொண்டை. இந்த மூன்றும் நம் ஊர் வெயிலைத் தாங்குபவை. நர்சரியில் பூத்து நிற்கும் சாமந்தித் தொட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். அது கேமரன் மலையின் குளிருக்குப் பழகிய செடி. கீழே கொண்டுவந்தால் நாளடைவில் வாடிவிடும்.

தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் இரண்டரை மாதம் முன்பே செண்டுமல்லியை விதையுங்கள். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கை வராதுதான், ஆனால் கிள்ளாத செடியில் நாலு பூ, கிள்ளிய செடியில் கொத்துக் கொத்தாகப் பூ. அக்டோபர், நவம்பரில் மாலை மழை கொட்டும் என்பதால் மேடான பாத்தியிலோ ஓட்டை நிறைய உள்ள தொட்டியிலோ வையுங்கள். வேரில் தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும்.

காலையில் வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். சாடித் தண்ணீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள். செண்டுமல்லித் தண்டு தண்ணீரைச் சீக்கிரம் நாற வைக்கும். உருளித் தண்ணீரை நாள்தோறும் மாற்றியே ஆக வேண்டும். அழகுக்கு வைத்த தண்ணீரில் ஏழெட்டு நாளில் ஏடிஸ் கொசு வளர்ந்து வெளியே வந்துவிடும்.

வாடாமல்லியைப் பத்துத் தண்டுகளாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும், நிறமும் போகாது. முதலில் கட்டிய கொத்தைச் சமையலறையில் தொங்கவிட்டதில் பூஞ்சணம் பிடித்தது. இப்போது வெயில் படாத அறையில், மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் கட்டுகிறேன்.

பின்சேர்க்கை: வலை கட்டிய பிறகு கீரையில் புழு கூடிவிட்டது என்று பீடோங்கிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். புழுவைத் தின்னும் பறவைகளையும் நாம் வெளியே நிறுத்திவிடுகிறோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, முட்டைகளைக் கையால் துடைத்துவிடுங்கள். கீரை ஒரு சாண் வளர்ந்து தண்டு தடித்ததும் நான் காலையில் ஒரு மணி நேரம், பக்கத்தில் நின்றுகொண்டு, வலையைத் திறந்துவைக்கிறேன். சின்னான் வந்து புழுவைப் பொறுக்கிக்கொண்டு போகிறது.