ரப்பர் பால் கறைபட்ட சட்டையை வீசாதீர்கள்

துணியால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேட்டைக் குறைக்க நேரான வழி, இருக்கும் சட்டையை இன்னும் இரண்டு வருடம் உடுத்துவதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊர்களில் சட்டை கிழிவதற்கு முன்னால் கறையும் பூசணமும் அதைக் குப்பைக்கு அனுப்பிவிடுகின்றன.

ரப்பர் பால் பட்டால், காய்வதற்குள் பச்சைத்தண்ணீரில் நன்றாக அலசிச் சோப்புப் போட்டுக் கசக்குங்கள். எலுமிச்சை, வினிகர் பக்கமே போகாதீர்கள். பாலை உறைய வைக்கத் தொழிற்சாலையில் ஊற்றுவதே ஃபார்மிக் அமிலம். புளிப்பு எதுவானாலும் அதே வேலையைச் செய்யும், பால் நூலுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். சுடுதண்ணீரும் ஆகாது. காய்ந்த பாலின் மேல் ஐஸ்கட்டி வைத்து, இறுகியதும் மழுங்கிய கத்தியால் சுரண்டலாம். முழுக்கப் போகாது. அதை வேலைச் சட்டையாக ஒதுக்கிவிடுங்கள்.

செம்பனை எண்ணெய் (பாமாயில்) கறைக்கு முறை வேறு. துணியை நனைக்காமல் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி தடவி, 15 நிமிடம் கழித்துத் துவையுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் சோப்பு நீர்த்துப்போய் எண்ணெயைப் பிடிக்காது. மிஞ்சும் ஆரஞ்சு நிறம் கரோட்டின். கறைப்பக்கம் வெளியே தெரியக் கொடியில் போட்டால் இரண்டு மூன்று நாள் வெயிலில் தானே மங்கும், குளோராக்ஸ் என்கிற வெளுக்கும் திரவத்துக்கு வேலையில்லை.

மற்ற வண்ணத் துணியை உட்புறம் திருப்பிக் காயப்போடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் ஊர் இது, காலை 8 மணிக்குள் கொடியில் இருக்கட்டும். மடிக்குமுன் சிலுவாரின் (கால்சட்டையின்) இடுப்புத் தையலைத் தொட்டுப் பாருங்கள், கடைசியில் காய்வது அதுதான். அங்கே ஈரம் இருந்தால் அலமாரியில் பூசணம் நிச்சயம். கரும்புள்ளி வந்துவிட்டால் வெளியே வைத்துப் பிரஷ்ஷால் தட்டி, ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுத் துவையுங்கள். வினிகரோடு குளோராக்ஸ் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பாலியஸ்டர் ஜெர்சி ஒவ்வொரு சலவையிலும் பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். மெஷின் நிறையச் சேர்ந்த பிறகு, பச்சைத்தண்ணீரில், குறைந்த நேரம் ஓட்டினால் உராய்வு குறையும்.

வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போங்கள். அக்குளையும் தொடைச்சந்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் இளைத்திருந்தால் தெரிந்துவிடும். இடுப்பு எலாஸ்டிக்கை இழுக்கும்போது நறநறவென்றால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது. மாற்றித் தைக்கத் தெரியாதவர்கள் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.