ரெண்டு நாள் லீவுல ஊருக்கு போறவங்க அங்க விருந்தாளி ஆகாம இருக்கறது எப்படி

எனக்கு வேலை மெட்ராஸ்ல, அப்பா அம்மா சங்கரன்கோயில்ல. மாசத்துக்கு ஒரு தடவ வெள்ளிக்கிழம ராத்திரி எழும்பூர்ல பொதிகை ஏறி சனிக்கிழம காலைல ஊர்ல இறங்கி ஞாயித்துக்கிழம சாயங்காலம் மறுபடி ஸ்டேஷன், பத்து வருஷமா இதே ஓட்டம்தான். அதுல பாதி வருஷம் நான் விருந்தாளியாதான் போயிருக்கேன். போய் இறங்கினதும் குளிச்சு தோசை சாப்ட்டு தூங்குறது, மதியம் கறிக்குழம்பு, சாயங்காலம் வடை, ராத்திரி பரோட்டா, மறுநாள் மறுபடி இதே. ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை பைப்படில வச்சு சொன்னாங்க, "நீ வந்துட்டு போனா உங்கம்மா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டாய்யா, காலு வீங்கி படுத்துதான் கெடப்பா". அன்னைக்கு ரயில்ல எனக்கு தூக்கமே வரல. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டத இங்க எழுதறேன், நம்ம மாதிரி வெளியூர்ல இருந்து போய்ட்டு வர்றவங்களுக்கு உதவும்னு நெனைக்கேன்.

மொதல்ல டிக்கெட். இப்ப ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், முன்ன 120 நாளா இருந்தது 2024 நவம்பர்ல கொறச்சாங்க. அதனால ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எந்த வாரம்னு முடிவு பண்ணி காலைல 8 மணிக்கு உக்காந்துருங்க, அதுலயும் ஞாயித்துக்கிழம திரும்பி வர்ற டிக்கெட்ட தவற விட்டுராதீங்க, அதுதான் கிடைக்காது. தட்கால நம்பி இருந்தா ஏசிக்கு முந்தின நாள் 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, அந்த நேரம் பாத்து ஆபீஸ்ல மீட்டிங் வரும். டிக்கெட் ஆனதும் தேதிய வீட்ல சொல்லிருங்க. சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம், வயசானவங்களுக்கு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சு எண்ணுறதுல இருக்கற சந்தோஷம் கதவ தட்டி திடுக்குன்னு நிக்கறதுல இல்ல.

சாப்பாட்டு விஷயத்த வியாழக்கிழமயே போன்ல பேசி முடிச்சிருங்க. "ஒன்னும் செய்யாதம்மா"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது அவங்க மனசுக்கு கஷ்டமா இருக்கும், செய்யாமலும் இருக்க மாட்டாங்க. ஒரே ஒரு அயிட்டம் கேளுங்க. நான் சொதி (தேங்கா பால் குழம்பு) கேப்பேன், சனிக்கிழம மதியம் சொதியும் இஞ்சி துவையலும், அவ்வளவுதான். தேங்கா நான் திருவுவேன், மூணு பால் நான் எடுப்பேன், தாளிக்கறது மட்டும் அம்மா. ராத்திரிக்கு நான் தோசை சுடுவேன், அவங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடணும். மொத தடவ அம்மா உக்காரவே இல்ல, கரண்டிய பிடுங்கிட்டே இருந்தா. மூணாவது தடவதான் உக்காந்தா, சுட சுட நாலு தோசை சாப்ட்டுட்டு "அடுப்புல இருந்து நேரா தட்டுக்கு வந்து எத்தன வருஷமாச்சு"ன்னா. அவ அத்தன வருஷமும் கடைசியா ஆறின தோசைதான் சாப்ட்டிருக்கா, நான் கவனிச்சதே இல்ல.

சனிக்கிழம காலைல தூக்கத்த கொஞ்சம் தள்ளி போட்டுட்டு அப்பாகூட மார்க்கெட்டுக்கு நடந்து போங்க, பைக் எடுக்காதீங்க. போன்ல எப்ப கேட்டாலும் "நல்லாருக்கேன்"னுதான் சொல்வாங்க, நடக்கும்போதுதான் உண்மை தெரியும். எந்த எடத்துல நின்னு மூச்சு வாங்குறாங்க, படி எறங்கும்போது எந்த கை சுவர தேடுது, கடைக்காரர் சொன்னது காதுல விழுதா, சில்லறைய கண்ணுக்கு பக்கத்துல கொண்டு போய் பாக்காங்களா. அதே மாதிரி மாத்திரை அட்டைய எடுத்து எண்ணி பாருங்க. வாங்கின பில்லுல தேதி இருக்கும், இன்னைக்கு வரைக்கும் எத்தன நாள், எத்தன மாத்திரை மிச்சம், கணக்கு போட்டா தெரிஞ்சிரும். எங்கம்மா பிரஷர் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுட்டு இருந்தத நான் இப்படித்தான் கண்டுபிடிச்சேன், கேட்டா "தலைதான் சுத்தலயே, எதுக்கு தெனமும்"ங்கா. சண்டை போடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் அவர் வாயாலயே சொல்ல வைங்க.

வீட்டுக்குள்ள ஒரு சுத்து சுத்தி வாங்க. பாத்ரூம் லைட்டு, பாத்ரூம் வாசல் மிதியடி வழுக்குதா, ராத்திரி எந்திரிச்சு போற வழில சுவிட்ச் கைக்கு எட்டுதா. கேஸ் அடுப்போட ஆரஞ்சு டியூப்ல வருஷம் அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷம் தாண்டிருந்தா மாத்திருங்க. சிலிண்டர் கழுத்துல உள்ள பட்டைல உள்பக்கமா ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் இருக்கும், உதாரணத்துக்கு B 28ன்னு, A-ன்னா ஜனவரி முதல் மார்ச், B-ன்னா ஏப்ரல் முதல் ஜூன், இப்படி D வரைக்கும், நம்பர் வருஷம், அந்த சிலிண்டர மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டிய கெடு அது, கெடு தாண்டின சிலிண்டர் வந்தா வாங்க வேண்டாம்னு வீட்ல சொல்லி குடுத்துருங்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பாத்து ஊத்துங்க. அப்புறம் ஒரு பெரிய பேப்பர்ல தடிமனான ஸ்கெட்ச் வச்சு நம்பர் எழுதி போன் பக்கத்துல ஒட்டுங்க, ஆம்புலன்ஸ் 108, போன்ல யாராவது ஏமாத்தி பணம் எடுத்தா 1930, முதியோர் உதவிக்கு 14567, ரெண்டு பக்கத்து வீடு, ஒரு ஆட்டோக்காரர்.

இப்ப பேப்பர் வேலை, இதுல நான் பட்டத சொல்லணும். அப்பா ராஜபாளையம் பக்கத்துல ஒரு மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, பிஎஃப் பென்ஷன் வருது, ரெண்டாயிரத்து சொச்சம்தான். ஒரு தடவ மூணு மாசமா அது வரல, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பாஸ்புக் என்ட்ரி போட நான் போனதாலதான் தெரிஞ்சது, உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் குடுக்கற வாழ்வு சான்ற குடுக்காம விட்டதால நின்னிருக்கு. ஏம்ப்பா சொல்லலன்னு கேட்டா "உனக்கே ஆயிரம் வேலை"ன்னாங்க. அந்த ரெண்டாயிரம் அவங்க சொந்த காசு, டீக்கடைல நாலு பேருக்கு அவங்க கைல இருந்து குடுக்கற காசு, அது இல்லாம மூணு மாசம் அந்த பக்கமே போகாம இருந்திருக்காங்க. அதனால இத கண்டிப்பா செய்ங்க. பிஎஃப் பென்ஷனுக்கு சான்று வருஷத்துல எப்ப வேணா குடுக்கலாம், குடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷம் செல்லும். மத்திய அரசு பென்ஷன்னா நவம்பர் மாசம், 80 வயசு தாண்டினவங்களுக்கு அக்டோபர்லயே தொடங்கிரலாம். நம்ம போன்லயே ஜீவன் பிரமான் ஆப்பும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் போட்டு முகத்த காட்டி முடிச்சிரலாம், ஆதார், பென்ஷன் ஆர்டர் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர் கைல இருக்கணும், வாசல் பக்கம் வெளிச்சத்துல உக்கார வச்சு எடுங்க. நீங்க போக முடியலன்னா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து பண்ணி தருவாங்க. அடுத்த வருஷ தேதிய உங்க போன் காலண்டர்ல போட்டுருங்க.

ஆனா எல்லாத்தையும் ஆன்லைன்ல மாத்தி விட்டுராதீங்க. நல்லது செய்றதா நெனச்சு அப்பாவோட கரண்ட் பில்ல நானே மெட்ராஸ்ல இருந்து கட்ட ஆரம்பிச்சேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ஈபி ஆபீஸ் போறது, வழில பழைய மில்லு ஆளுங்கள பாக்குறது, ஒரு டீ, பேப்பர், திரும்பி வர பதினோரு மணி, அந்த ஒரு காலை நேரத்தையே நான் பிடுங்கிட்டேன். அம்மாதான் சொன்னா. மறுபடி அவங்ககிட்டயே விட்டுட்டேன். அவங்களுக்கு பாரமா இருக்கறது எது, வெளிய கெளம்ப ஒரு காரணமா இருக்கறது எதுன்னு பிரிச்சு பாத்து, பாரத்த மட்டும் எடுத்துக்கோங்க.

போன் கிளீன் பண்றதும் அப்படித்தான். அப்பா போன்ல எடம் இல்லன்னு குட் மார்னிங் படத்தோட சேத்து எல்லாத்தையும் அழிச்சேன், அதுல செத்துப்போன பெரியப்பா அனுப்பின ஒரு வாய்ஸ் மெசேஜும் போயிருச்சு, "தம்பி சாப்ட்டியா"ன்னு அஞ்சு செகண்டு. அப்பா ஒன்னும் சொல்லல, போன வாங்கி சட்டப் பைல வச்சுக்கிட்டாங்க. கேட்டு கேட்டு அழிங்க, ஒரு மணி நேரம் ஆனாலும் பக்கத்துல உக்காந்து ஒவ்வொன்னா காட்டி அழிங்க.

வெள்ளிக்கிழம ஊர்லயே இருந்து வேலை பாக்கலாம்னு வியாழக்கிழம ராத்திரியே கெளம்புறவங்க மாதாந்திர கரண்ட் கட் என்னைக்குன்னு கேட்டுட்டு கெளம்புங்க, காலைல 9 மணிக்கு போனா மதியத்துக்கு மேலதான் வரும். எத்தன மணி வரைக்கும் வேலைன்னு வீட்ல சொல்லிருங்க, அம்மா கதவுக்கு வெளிய டம்ளரோட நிக்க மாட்டா. முடிஞ்சதும் லேப்டாப்ப பைக்குள்ள வச்சு ஜிப்ப போடுங்க.

சொந்தக்காரங்க வீடு எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போக முடியாது. துட்டி வீடு, அதாவது எழவு வீடு இருந்தா அதுக்கு மொதல்ல, கல்யாணத்துக்கு போகலன்னா கூட பொறுத்துப்பாங்க, துட்டி கேக்க வரலன்னா மறக்க மாட்டாங்க. கெளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லாம எந்திரிச்சு வந்துரணும். கல்யாண வீடுன்னா போறதுக்கு முன்னாடி மொய் நோட்ட அம்மாகிட்ட கேட்டு பாத்துக்கோங்க, அவங்க நமக்கு என்ன எழுதினாங்கன்னு தெரிஞ்சு அதுக்கு கூட கொஞ்சம் சேத்து அப்பா பேர்லயே எழுதுங்க, உங்க பேர் வேண்டாம். அந்த ஊர்ல அந்த குடும்பத்துக்கு இன்னும் அவங்கதான் ஆளு.

ஞாயித்துக்கிழம மதியத்துக்கு மேல புதுசா எந்த வேலையும் வச்சுக்காதீங்க. திண்ணைல சும்மா உக்காருங்க, அவங்க பெரிய விஷயத்த எல்லாம் அப்பத்தான் ஆரம்பிப்பாங்க. அம்மா கட்டி குடுக்கறத வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கோங்க, புளியங்குடி எலுமிச்சங்கா ஊறுகா, இட்லி பொடி, எது குடுத்தாலும். போன தடவ கொண்டு போன டப்பாவ மறக்காம திருப்பி குடுங்க, காலியா குடுக்காதீங்க, மெட்ராஸ்ல இருந்து ஒரு பிடி காப்பித்தூளாவது போட்டு குடுங்க. பொடி தீந்ததும் அன்னைக்கே கழுவி காய வச்சு ஊருக்கு எடுத்துட்டு போற பைக்குள்ளயே போட்டுருங்க, மூடியோட சேத்து போடுங்க, எப்பவும் மூடிதான் தொலையும்.