தாராவியில் சமூக நோக்குள்ள தொழிலுக்கு உதவி தேடுவோர் முதலில் செய்ய வேண்டியவை

தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் நம் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து தொழிலை வளர்க்க நினைக்கும்போது, யாரிடம் நிதி கேட்பது என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் வருகிறது. அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கிலோ முறுக்குக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பதை ஒரு நோட்டில், தமிழிலேயே, எழுதத் தொடங்குங்கள்.

அரிசி மாவு, உளுந்து, எண்ணெய் ஆகியவற்றின் விலை எல்லோருக்கும் மனப்பாடம். மாவு மில்லில் காத்திருந்த நேரம், உடைந்து தூளான முறுக்கு, கடைக்காரர் திருப்பிக் கொடுத்த பொட்டலம், குழுவில் மூத்தவர் கூலி வாங்காமல் பிழிந்து கொடுத்த இரண்டு மணி நேரம் ஆகியவைதான் விடுபட்டுப் போகின்றன. சரக்குக்கும் எரிவாயுவுக்கும் 170 ரூபாய், உறைக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கிலோ 240 ரூபாய்க்கு விற்றால் 55 ரூபாய் மிஞ்சுவதாகத் தோன்றும். கூலி 60 ரூபாயைச் சேர்த்தால் கிலோவுக்கு 5 ரூபாய் கைநட்டம். தொழிலுக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், எரிவாயுவையும் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையில்தான் கணக்கிட வேண்டும். இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கடன் தருபவர் கேட்கும்போது சுளிப்பதைவிட இப்போதே சுளிப்பது மேல்.

அடுத்தது பதிவு. எந்த வடிவில் பதிவு செய்கிறீர்களோ, அதைப் பொறுத்தே பணம் வரும் வழியும் அமையும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 8-ஆவது பிரிவின் கீழ் லாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிவு செய்தால் லாபத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. லாபத்தில் பெண்களுக்குப் பங்கு வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கம், உற்பத்தி செய்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் கம்பெனி போன்ற வடிவங்கள் பொருந்தும். 1959-இல் இதே மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தில் உறுப்பினர்கள் அனைவரும் பங்காளிகள் என்பதை நினைவில் வைத்து, இந்த முடிவைப் பட்டயக் கணக்காளரிடம் விட்டுவிடாமல் குழுவே உட்கார்ந்து எடுக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை வெளி அமைப்பு ஒன்று பெறுவதற்குப் பொதுவாக 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகளும் மூன்றாண்டு அனுபவமும் தேவைப்படுவதால், புதிய குழுவுக்கு அது உடனே எட்டாது. அடுப்பும் பிழியும் இயந்திரமும் வாங்குவதற்கு, மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும் ‘சிசு’ கடன் போதும். அதற்கு அடமானம் தேவையில்லை. சமூக நோக்குள்ள அமைப்புகள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தையைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம், அங்கே குறைந்தபட்ச வெளியீடே 50 லட்சம் ரூபாய்.

புதிய தொழில்களுக்கு வழிகாட்டும் தொழில் வளர்ப்பு மையங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, ‘பெண்களை முன்னேற்றுகிறோம்’ என்று எழுதுவதைவிட, எத்தனை பேருக்கு மாதம் எத்தனை நாள் வேலை, கையில் எவ்வளவு கூலி என்று எழுதுங்கள். வழிகாட்ட வருபவரை அலுவலகத்தில் சந்திப்பதோடு நிறுத்தாமல், எண்ணெய் காயும் நேரத்தில் ஒரு முறை சமையல் கூடத்துக்கே அழைத்து, அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.