கலப்புமுறை வகுப்பு: மாணவர்களைச் சலிப்படைய வைக்கும் தவறுகள்

இணையவழிப் பாடமும் நேரடி வகுப்பும் கலந்த பல்கலைக்கழகப் பாடத்தில் மாணவர்கள் குறை சொன்னால், பழி முதலில் மென்பொருள் மீதுதான் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தாமல் விட்டதுதான் வினை.

பழைய பாடத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்காமல் அதன் மேல் இணையப் பணிகளை ஏற்றுவதுதான் பரவலான தவறு. வகுப்பு நேரம் அப்படியே இருக்கும். கூடவே வாரம் இரண்டு காணொலிகள், ஒரு வினாடி வினா, விவாதப் பலகையில் ஒரு பதிவு. இதைக் கல்வியாளர்கள் 'ஒன்றரைப் பாடம்' என்றே சொல்கிறார்கள். இணையத்தில் ஒரு மணி நேரம் சேர்த்தால் வகுப்பிலோ வீட்டுப்பாடத்திலோ ஒரு மணி நேரத்தை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, நல்லெண்ணத்தில் செய்யப்படுவது. காணொலியைப் பார்க்காமல் வந்தவர்களுக்காக ஆசிரியர் இரக்கப்பட்டு வகுப்பில் அதையே சுருக்கிச் சொல்கிறார். பார்த்து வந்த மாணவி நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். அடுத்த வாரம் அவளும் பார்க்காமல்தான் வருவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, வினாடி வினாவில் பலர் தவறவிட்ட கேள்வியைப் பலகையில் எழுதி வகுப்பைத் தொடங்குங்கள். வீட்டில் செலவிட்ட நேரம் வீண்போகவில்லை என்பது அந்தக் கணமே புரிந்துவிடும்.

ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவேற்றுவதும் வேண்டாம். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் காணொலி பார்க்கப்பட்ட சுமார் 69 லட்சம் அமர்வுகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவையே மாணவர்களை அதிகம் பிடித்துவைத்தன என்று காட்டியது. விவாதப் பலகையில் ஆசிரியர் எட்டிப்பார்க்காவிட்டால் அங்கே மதிப்பெண்ணுக்கான பதிவுகள் மட்டுமே மிஞ்சும்.

மாணவர்கள் பாடத்துக்குத் தரும் திருப்தி மதிப்பெண்ணை அப்படியே நம்புவதும் தவறு. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே முயன்று கணக்குகளைப் போட்ட மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. ஆகவே திருப்தி மதிப்பெண் சரிந்ததும் பழைய விரிவுரைக்கு ஓடிவிடாதீர்கள். ஏன் இப்படி நடத்துகிறோம் என்பதை முதல் வகுப்பிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.

பருவ இறுதியில் மட்டும் கருத்துக் கேட்டால், கருத்துச் சொன்ன மாணவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான்காவது வாரமே கேளுங்கள். 'திருப்தியா?' என்று கேட்காமல், 'எந்தப் பணி உதவியது, எது நேரத்தைத் தின்றது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது?' என்று கேளுங்கள். வந்த பதில்களில் எதை மாற்றப்போகிறீர்கள், எதை மாற்ற முடியாது என்பதை அடுத்த வகுப்பிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.